நான் வெட்டிய பச்சை வயர்

வவுனியாவுக்குப் போகிற பஸ்ஸில் எங்கள் கோயில் சபையின் செயலாளர் அண்ணை ஒரே விஷயத்தை மூன்று தடவை சொன்னார்.

"பெட்டி பெருசா இருக்கவேணும் தம்பி. ரோட்டால போறவனுக்கும் பூசை கேக்கவேணும்."

நான் மூன்று தடவையும் ஓம் என்றேன். மடியில் ஒரு கொப்பி இருந்தது. அதில் நான் எழுதிவைத்திருந்தது அவர் சொன்னதற்கு நேர் எதிரானது. எங்கள் கோயில் சின்னது. தகரக் கூரை, மூன்று பக்கமும் வெறுஞ்சுவர். பெரிய பெட்டி வைத்தால் சத்தம் கூரையில் மோதித் திரும்பி வரும், ஒரு சொல்லின் மேல் இன்னொரு சொல் ஏறி விழும். இதை எப்படிச் சொல்லித் தொடங்குவது என்று யோசித்தபடியே மாங்குளத்தில் ஏறியவன் ஓமந்தை தாண்டியும் ஒன்றும் சொல்லவில்லை.

கோயில் என்று நான் சொல்வது மாதா கோயிலை. திருநாளுக்கு மூன்று கிழமைதான் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து கனடா போன ஒரு குடும்பம், திருநாள் பூசையை அங்கிருந்தே போனில் பார்க்க ஆசைப்பட்டு, புதுசாக ஒலிபெருக்கியும் வீடியோ காட்டுவதற்கான சாமான்களும் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தது. முதலில் தாங்கள் பாவித்த பெட்டிகளையே கப்பலில் அனுப்புகிறோம் என்றார்கள். படம் அனுப்பச் சொல்லிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். நூற்றுப்பத்து வோல்ட். இங்கே இருநூற்று முப்பது, செருகினால் புகைதான் வரும். அதைச் சொல்லித் தடுத்த பிறகு, சாமான் தெரிந்தெடுக்கும் வேலையையும் சபை என்னிடமே தந்துவிட்டது.

நான் கிளிநொச்சியில் இரண்டு வருடம் கம்ப்யூட்டர் படித்தவன். எங்கள் வீட்டில் எனக்கு முதல் ஒருவரும் பத்தாம் வகுப்பைக் கண்டதில்லை. அப்பா கையெழுத்து வைக்கிற இடத்தில் இன்றைக்கும் பெருவிரலை வைப்பார். அதனாலோ என்னவோ, வயர் உள்ள எதுவும் எனக்குத் தெரியும் என்று ஊர் நினைத்தது. தண்ணீர் மோட்டரைக் கொண்டு வருவார்கள், டிவியைக் கொண்டு வருவார்கள். எனக்குத் தெரியாது என்று நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. வீட்டுக்குள் போய் யூடியூப்பில் பார்த்துவிட்டு வெளியே வருவேன்.

கோயிலின் பழைய அம்பிளிபயரையும் அப்படித்தான் ஒருநாள் தொட்டேன். அது போன வருடம். பாட்டுக் குழுவின் கீபோர்ட்டையும் அம்பிளிபயரையும் ஒன்றாகப் போட்டால் பெட்டிக்குள் ஊம் என்று ஒரு இரைச்சல் வரும். பங்குச் சுவாமி பிரசங்கம் வைக்கும்போது அது அவருக்கும் மேலால் கேட்கும். அம்பிளிபயரின் பிளக்கைக் கழற்றி எர்த் வயரை, அந்தப் பச்சை வயரை, வெட்டிவிட்டால் இரைச்சல் போய்விடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். வெட்டினேன். போய்விட்டது. அந்த ஞாயிறு பூசை முடிவில் சுவாமி என்னை எழும்பி நிற்கச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே நடந்தார்.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிறுதான் பூசையில் வேதாகமத்தின் முதலாம் வாசகம் வாசிக்கிற அக்காவுக்குக் கறண்ட் அடித்தது.

அவர் கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை செய்கிறவர். எங்கள் கோயிலில் அவரைப்போல வாசிக்க ஆளில்லை. ஆனால் ஆள் கட்டை. வாசிக்கத் தொடங்குமுன் இரும்புக் கழுத்துள்ள அந்த மைக்கை ஒரு கையால் இழுத்து வாய்க்கு நேரே வளைத்துக்கொள்வார். வாசித்து முடியும் வரை அந்தக் கையை எடுக்கமாட்டார். செருப்பை எல்லோரும் வெளியில்தான் கழற்றுவோம். பூசைக்கு முன் நிலத்தைக் கழுவிவிடுவதும் வழக்கம், சீமெந்து ஈரம் காயாமலே பூசை தொடங்கிவிடும். முதல் நாள் கையை உதறிக்கொண்டு நின்றார். அடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாம் ஞாயிறு பாதியில் நிறுத்திவிட்டு இறங்கிப் போனார்.

வேறு ஒருவருக்கும் அடிக்கவில்லை. சுவாமி பீடத்தில் கம்பள விரிப்பில், செருப்போடு நிற்பார். பாடுகிற பிள்ளைகளின் மைக் பிளாஸ்டிக். அக்காவுக்குப் பதிலாக வாசித்த பிள்ளை நெடியவள், மைக்கைத் தொடவே தேவையில்லை. இதெல்லாம் இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அப்போது ஊர் கண்ட காரணம் வேறு. அக்காவின் வலது தோளுக்குள் சண்டைக் காலத்தில் பட்ட ஒரு ஷெல் துண்டு இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அப்படி எத்தனையோ பேர், அதை யாரும் பெரிதாகக் கதைப்பதில்லை. அவருக்கு மட்டும் கறண்ட் அடிப்பது அந்த இரும்பால்தான் என்று யாரோ சொன்னார்கள், எல்லோருக்கும் அது பொருத்தமாகப் பட்டது.

அக்கா என்னைக் கோயில் வாசலில் மறித்துக் கேட்டார். "நீ படிச்சனி. சொல்லு தம்பி. அப்பிடி இருக்குமோ?"

நான் கொஞ்சம் யோசிப்பதுபோல நின்றேன். பிறகு சொன்னேன். "இருக்கலாம் அக்கா. இரும்பு கறண்டைக் கடத்தும்தானே."

அன்றிலிருந்து அவர் மைக் பக்கம் போகவில்லை.

வவுனியாவில் நாங்கள் போன கடை ஒரு முஸ்லிம் அண்ணருடையது, நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கடை நிறைய ஒலிபெருக்கிப் பெட்டிகள், கூரை வரைக்கும். செயலாளர் அண்ணை உள்ளே போனதுமே எல்லாவற்றிலும் பெரியதன் முன்னால் போய் நின்று அதன் வலையைத் தடவினார்.

"நானா, இது எவ்வளவு தூரம் கேக்கும்?"

"பக்கத்து ஊர்ப் பள்ளிவாசல்ல இருந்து என்னை ஏச வருவாங்க, அவ்வளவு தூரம் கேக்கும்," என்றார் நானா. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார், "உங்கட கோயில்ல எர்த் சரியா இருக்கா தம்பி?"

நான் இருக்கிறது என்றேன்.

"பாத்தீங்களா, இல்லாட்டி இருக்குமெண்டு சொல்றீங்களா?" அவர் சிரிக்கவில்லை. ஒரு பிளக்கைக் கையில் எடுத்தார். "இந்தப் பிளக்கை வெட்டினா வாரண்டி இல்லை. முதலே சொல்லிப்போடுறேன். இரைச்சல் வருதெண்டு எர்த்தை வெட்டிப்போடுவாங்க. பிறகு மைக்ல கறண்ட் அடிக்குதெண்டு தூக்கிக்கொண்டு வருவாங்க. அம்பிளிபயருக்குள்ள கசியிற கறண்ட் எங்க போறது? மைக் வயராலதான் போகும். பிடிச்சவன்ட காலால நிலத்துக்கு இறங்கும். இண்டைக்குக் கொஞ்சமா அடிக்கும், உள்ளுக்க ஏதும் பழுதாப்போனா ஆளையே கொண்டுபோகும். எல்லாத்தையும் ஒரே பிளக் பலகையில செருகினா அநேகமா இரைச்சல் போயிரும். இதுக்குப் போய் வெட்டுறதா?"

செயலாளர் அண்ணை பெரிய பெட்டியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார், "எங்கட தம்பி அப்பிடியான ஆளில்லை நானா. படிச்ச பிள்ளை."

கடைக்குள் நிற்க முடியவில்லை. வெளியே வந்து ரோட்டைப் பார்த்தேன், திரும்ப உள்ளே போனேன், ஒரு மைக்கைத் தூக்கினேன், வைத்தேன். அக்கா வாசலில் என் முகத்தைப் பார்த்துக் கேட்டபடி நின்றதுதான் திரும்பத் திரும்ப வந்தது. மூன்று ஞாயிறு அவர் அந்த ஈர நிலத்தில் நின்றிருக்கிறார்.

நானா சொன்ன கணக்கில், பெரிய பெட்டி எடுத்தால் மண்ணுக்குள் இறக்கும் எர்த் ரொட்டுக்கும், கறண்ட் கசிந்தால் தானே நிறுத்தும் ட்ரிப் சுவிச்சுக்கும், அதைப் பூட்ட ஒரு எலக்ட்ரீசியனுக்கும் ஒன்றும் மிஞ்சாது. நான் மெலிந்து நீண்ட சின்னப் பெட்டி இரண்டைக் காட்டினேன். சுவருக்கு ஒன்றாக, ஆட்களின் தலைக்குச் சற்று மேலே பூட்டினால் சொல் தெளிவாகக் கேட்கும். வீடியோவுக்குக் கமரா வேண்டாம், இருக்கிற நல்ல போன் ஒன்றை ஸ்டாண்டில் வைத்து, மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரிலிருந்து ஒரு வயரைப் போனுக்கு இழுத்தால் கனடாவுக்கு வாசகமும் பாட்டும் சுத்தமாகப் போகும்.

"இது என்ன, இடியப்பப் பெட்டி மாதிரிக் கிடக்கு," என்றார் செயலாளர் அண்ணை. "இதுக்கோ வவுனியா வரைக்கும் வந்தது?"

"எர்த் போடவேணும் அண்ணை. அதுதான் முதல்."

"மண்ணுக்குள்ள போற கம்பியை ஆர் பாக்கப்போறான்?"

நானா பெரிய பெட்டியில் ஒரு பாட்டைப் போட்டார். கடைத் தகரம் அதிர்ந்தது, பாடுகிறவர் என்ன சொல்கிறார் என்று விளங்கவில்லை. பிறகு அதே பாட்டைச் சின்னப் பெட்டியில் போட்டார். செயலாளர் அண்ணை தலையைச் சொறிந்தார். அரைமனதாகத்தான் ஒத்துக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவரிடம் சொல்லிவிட்டேன். பச்சை வயரை வெட்டியது, அக்காவுக்கு நான் சொன்ன மறுமொழி, எல்லாம். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இனிப் புதுசு பூட்டப்போறம்தானே. பழசை ஏன் கிண்டுறாய்?" என்றார். "உன்னை நம்பித்தான் கனடாக்காரர் குடுத்தவை. பேசாம இரு."

"அக்கா தன்ர உடம்பிலதான் பிழை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா அண்ணை."

"அவா ஒண்டும் சாகேல்லையே," என்றார் அவர். சொன்னது அவருக்கே பிடிக்கவில்லைப்போல, மாங்குளம் வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த நாள் சங்கக் கடைக்குப் போனேன். ஆளில்லாத நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று இரண்டு தரம் கடையைத் தாண்டிச் சைக்கிளை ஓட்டினேன். ஆளில்லாத நேரம் வரவில்லை. உள்ளே ஒரு பெரியம்மா பருப்புக்கு நின்றார். அக்கா பருப்பை நிறுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, சாமான் வந்திட்டுதாமே."

"அக்கா, உங்களுக்குக் கறண்ட் அடிச்சது தோளில இருக்கிற துண்டால இல்லை. நான் அம்பிளிபயரில ஒரு வயரை வெட்டினனான். அதாலதான். இரும்பு கடத்துமெண்டு சொன்னது நான் தெரியாமச் சொன்னது."

அக்கா தராசைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பருப்பில் கொஞ்சத்தை அள்ளித் திரும்பச் சாக்குக்குள் போட்டார். பையைச் சுற்றிப் பெரியம்மாவிடம் கொடுத்தார்.

"நான் யாழ்ப்பாணம் வரைக்கும் போனனான். தெரியுமோ உனக்கு?" என்றார். "பெரியாஸ்பத்திரிக்கு. இதை வெட்டி எடுத்துவிடுங்கோ எண்டு கேட்டனான். நரம்போட கிடக்குது, தொட்டா கை விளங்காமப் போகுமெண்டு சொல்லி டொக்டர் அனுப்பிப்போட்டார். வீட்டில லைட் சுவிச்சை நான் கையால தொடுறேல்லை. வீடு கூட்டுற தும்புத்தடியாலதான் தட்டுறனான். பிள்ளையள் சிரிக்குதுகள்."

எனக்கு இது ஒன்றும் தெரியாது. இரண்டு மைல் தூரத்தில் இருந்தும் தெரியாது.

"தெரியாட்டி, தெரியாதெண்டு சொல்லியிருக்கலாமே தம்பி. அதுக்கு என்ன செலவு?"

பெரியம்மா போகாமல் நின்றார். "படிச்சதுகளின்ர கதை இப்பிடித்தான்," என்றார், பருப்பை மடிக்குள் வைத்துக்கொண்டு. "எங்களுக்குத் தெரியாதெண்டா வாயை மூடியிருப்பம்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அக்கா அடுத்த ஆளுக்குச் சீனி நிறுத்தார். நான் வாசல் படலையடிக்கு வந்த பிறகுதான் கூப்பிட்டார்.

"எப்ப பூட்டுறியள்?"

"சனிக்கிழமை அக்கா."

"பின்னேரம் வாறன். நான் பாக்கிற மாதிரி நீ முதல் பிடி."

சனிக்கிழமை எலக்ட்ரீசியன் அண்ணை தண்ணீர்க் குழாயடி ஈர மண்ணில் எர்த் ரொட்டை அடித்து இறக்கினார். மீற்றர் வைத்துப் பார்த்தார். ட்ரிப் சுவிச்சின் பொத்தானை அமத்திக் காட்டினார், எல்லாம் படக்கென்று நின்றது. திரும்பப் போட்டார். எனக்கு ஆறவில்லை. இன்னொருக்கால் அமத்தச் சொன்னேன். இன்னொருக்கால். "நீ இதை இண்டைக்கே பழுதாக்கப்போறாய்," என்றார்.

அக்கா வந்தபோது வாசகம் வாசிக்கிற இடத்தை நான் கழுவிவிட்டிருந்தேன். அவர் வாசல் நிலையோடு நின்றார், உள்ளே வரவில்லை. நான் வெறுங்காலோடு ஈரத்தில் ஏறி நின்று மைக்கைப் பிடித்தேன். மற்றக் கையாலும் பிடித்தேன். ஒன்றும் இல்லை. அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்.

"விலகு," என்றார்.

ஏறி நின்றார். கையை நீட்டி, விரல் படுமுன் இழுத்துக்கொண்டார். திரும்ப நீட்டினார். விரல் நுனி, பிறகு உள்ளங்கை. மைக்கை இழுத்து வாய்க்கு நேரே வளைத்தார். நாளைக்குரிய வாசகத்தை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தார். கையை எடுக்கவில்லை. செயலாளர் அண்ணை ரோட்டுக்கரை வரைக்கும் போய் நின்று, "சொல்லுச் சொல்லாக் கேக்குது," என்று கத்தினார்.

அக்கா இறங்கிச் செருப்பைப் போட்டார். "திருநாளுக்கு, எனக்குப் பதிலா வாசிச்ச அந்தப் பிள்ளை ஆயத்தப்படுத்திட்டுது. அவளே வாசிக்கட்டும். பிறகு நான் வாறன்," என்றார். பிறகு ஏதோ யோசித்துவிட்டு, "என்ர வீட்டுச் சுவிச்சையும் ஒருக்கால் வந்து பாத்துச் சொல்லு. அதுகள் சரியோ எண்டு," என்றார்.

ஓம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"எனக்குத் தெரியாது அக்கா," என்றேன். "எலக்ட்ரீசியன் அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாறன்."

"அப்ப கூட்டிக்கொண்டு வா. இண்டைக்கே."

எலக்ட்ரீசியன் அண்ணை ஏற்கெனவே சாமான்களைக் கட்டி மோட்டர்சைக்கிளில் மாங்குளம் பக்கம் புறப்பட்டிருந்தார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் மிதித்தேன்.