உட்கார்ந்த தழும்பு

கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கி, விளக்கு வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, முட்டியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தட்டில் வைக்கிறார் டாக்டரம்மா. தினமும் காலையில் முப்பது நாற்பது கோழிகளுக்கு இந்த மரியாதை நடக்கும். தலையில் வலைத்தொப்பி, கையில் ஓர் அளவு பெரிய உறை, காலில் இரண்டு ஜோடி சாக்ஸ். பால் அலமாரிக்கும் உறைந்த பட்டாணிக்கும் நடுவில் இருக்கிற அந்தக் குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் எட்டு மணி நேரம் நின்று பாருங்கள், நீங்கள் மூன்றாவது ஜோடி கேட்பீர்கள்.

அவர் டாக்டர் இல்லை. பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர். ஒன்பது வருடமாக சூப்பர்மார்க்கெட்டில் கோழி வெட்டி விற்கிறார். "ஒரு கிலோ கொடுங்க" என்று யார் கேட்டாலும் கத்தி உடனே எழும்பாது. "யாருக்கு? எதுக்கு?" என்பார். இரண்டுக்கும் பதில் வராமல் கோழி நகராது. பில் போடும் பெண் ஒருநாள் விளையாட்டாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். "மனுஷனுக்குத்தான் ஆயிரம் டாக்டர் இருக்காங்களே, கோழிக்கு நான் ஒருத்தி இருந்துட்டுப் போறேன்" என்பார்.

கண்ணாடிக்குள் இரண்டு தட்டுகள். இடது தட்டில் சாதாரணக் கோழி, வெளுத்து உப்பி, முட்டிக்குக் கீழே கால் வெட்டப்பட்டு வரிசையாகப் படுத்திருக்கும். வலது தட்டில் மேய்ச்சல் கோழி. கொஞ்சம் ஒல்லி, கொஞ்சம் மஞ்சள், விலை இரண்டரை மடங்கு. அதைக் காலோடுதான் விற்பார்கள். வெளியே திரிந்து வளர்ந்ததற்குக் கால்தான் சாட்சியாம். இந்த இரண்டு தட்டுக்கும் நடுவில் நின்று தலையைச் சொறியாத வாடிக்கையாளரே கிடையாது. பர்ஸ் ஒரு பக்கம் இழுக்கும், மனசு இன்னொரு பக்கம் இழுக்கும். தீர்ப்புச் சொல்லத்தான் டாக்டரம்மா இருக்கிறார்.

"பொரிக்கவா? அதுக்கு எதுக்குங்க அவ்வளவு விலை? மாவுக்குள்ள போயிட்டா எல்லாக் கோழியும் ஒண்ணுதான். இடது பக்கம் எடுங்க."

"சூப்புக்கா? அப்ப வலது பக்கம் வாங்க. இது ஓடியாடின கோழி. ஒன்றரை மணி நேரம் அடுப்புல இருக்கணும். அவசரப்பட்டு இறக்கினீங்கன்னா பல்லு போயிடும், அப்புறம் நிஜ டாக்டர்கிட்டதான் போகணும்."

கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் ஒருநாள், தான் பாவ புண்ணியம் பார்த்து வலது தட்டில்தான் வாங்குவதாகக் கொஞ்சம் உரக்கவே சொன்னார். டாக்டரம்மா எலும்பை நறுக்கியபடியே, "நல்லதும்மா. வெயில் பார்த்துட்டுச் செத்துச்சேன்னு அதுக்கும் ஒரு ஆறுதல் இருக்கும்" என்றார். அந்த அம்மாளுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. கோழியை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

"நீங்க உங்க வீட்டுக்கு எதை வாங்குவீங்க?" என்று மடக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அதற்கெல்லாம் அவர் மழுப்பமாட்டார். "இடது தட்டுதான். அஞ்சு வாய் இருக்கு வீட்டுல." அவருடைய வீட்டுக்காரர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்காரும்போதெல்லாம், "ஊருக்கெல்லாம் நல்ல கோழி, நமக்கு மட்டும் பஞ்சா?" என்று இழுப்பார். "பஞ்சுன்னா தலைக்கு வெச்சுப் படுங்க, தட்டை இப்படிக் கொடுங்க" என்று இவர் கையை நீட்டியதும் பேச்சு அடங்கிவிடும். தட்டு மட்டும் திரும்பி வராது.

இவருடைய பேச்சில் முத்திரை மாதிரி ஒரு சொல் உண்டு. ஆலோசனை எல்லாம் முடிந்து, பொட்டலத்தைக் கண்ணாடி மேல் வைக்கும்போது, "நான் சொல்றேன், எடுத்துட்டுப் போங்க" என்பார். அந்த 'நான் சொல்றேன்' கிடைத்துவிட்டால் அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. கடையின் விளம்பரப் பலகைகளை யாரும் நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை. இது மேலாளருக்கும் தெரியும், அதனாலேயே அவருக்கு எரிச்சல். "கேட்டா மட்டும் பதில் சொல்லுங்கம்மா. நீங்களா எதுக்கு விசாரணை நடத்துறீங்க?" என்று வாரம் ஒருமுறை பாடுவார். டாக்டரம்மா, "சரி சார்" என்பார். அடுத்து வருபவரிடம், "யாருக்கு? எதுக்கு?" என்பார்.

அந்த முத்திரைக்கே போன மாதம் ஆபத்து வந்தது.

மேய்ச்சல் கோழி கொடுத்துக்கொண்டிருந்த பழைய ஆளை மாற்றி, மேலாளர் ஒரு புதிய நிறுவனத்தைப் பிடித்திருந்தார். புதுக்கோழிகள் அலங்காரமாக வந்து இறங்கின. ஒவ்வொன்றின் இரண்டு காலையும் சேர்த்து, முட்டி மேலேயே பச்சைக் காகிதப் பட்டை சுற்றி, அதில் பொன்னிற எழுத்து. "அடடே, கொலுசெல்லாம் போட்டு அனுப்பியிருக்காங்களே!" என்று டாக்டரம்மாவே வாயைப் பிளந்தார். அழகைக் கலைப்பானேன் என்று பட்டையைப் பிரிக்காமல் அப்படியே தட்டில் அடுக்கினார். ஒன்பது வருடத்தில் முட்டியைப் பார்க்காமல் அவர் வைத்த கோழிகள் அவைதான்.

அன்று ஒரு பஸ் டிரைவர் வந்தார். மனைவிக்கு ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம். வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை, சூப்பு மட்டும் கேட்கிறாளாம். மனிதர் சமையலறைப் பக்கம் போனதே இல்லை என்பது அவர் கோழியைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. இடது தட்டையும் வலது தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்கா, விலையை விடுங்க. அவ நாலு வாய் குடிச்சாப் போதும்" என்றார். டாக்டரம்மா வலது தட்டில் பெரிதாக ஒன்றை எடுத்துப் பட்டையோடு காலை நறுக்கிப் போட்டுவிட்டு, எப்படி வேகவைக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிக்கொடுத்து, "நான் சொல்றேன், எடுத்துட்டுப் போங்கண்ணே" என்றார்.

மறுநாள் காலை கடை திறந்ததும் அவர் வந்து நின்றார். சண்டைக்கு வந்திருந்தால் டாக்டரம்மாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது. மனிதர் குற்றவாளி மாதிரி நின்றார்.

"அக்கா, நான்தான் ஏதோ சொதப்பிட்டேன் போல. நீங்க ஒன்றரை மணி நேரம்னீங்க. அரை மணி நேரத்துல எல்லாம் கரைஞ்சு கூழாப் போச்சு. சூப்பு தண்ணி மாதிரி இருக்குன்னு அவ ஒரு வாயோட வெச்சுட்டா. பாத்திரம் சரியில்லையோ? நெருப்பு அதிகமாயிடுச்சோ?"

டாக்டரம்மா வலது தட்டிலிருந்து ஒரு கோழியை எடுத்தார். பச்சைப் பட்டையைக் கிழித்தார். முட்டியில், தேநீர் சிந்தியது போல, பழுப்பாக ஒரு தழும்பு. அடுத்ததைப் பிரித்தார். அதிலும் இருந்தது. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாவற்றிலும்.

இந்தத் தழும்பு அவருக்குப் பழைய சிநேகம். இந்தக் கடைக்கு வருமுன் இரண்டு வருடம் கோழிக்கொட்டகையில் எச்சம் அள்ளியவர் அவர். ஆயிரக்கணக்கில் அடைத்து வைத்த இடத்தில் நடக்க வழி இருக்காது. உடம்பு ஊதக் கால் தாங்காது. ஈரமும் எச்சமுமாகக் கிடக்கும் தரையில் கோழி உட்கார்ந்தபடியே வளரும். எச்சத்தின் காரம் முட்டியைச் சுட்டுவிடும். எச்சம் அள்ளுகிறவர்களின் கண்ணும் அதே காரத்தில் எரியும். இதற்கு அவர் வைத்த பெயர், "உக்காந்த தழும்பு."

"உங்க மேல தப்பில்லண்ணே. பாத்திரத்து மேலயும் தப்பில்ல. நான்தான் பார்க்காமக் கொடுத்துட்டேன்" என்றார். படுத்திருக்கிற ஒரு பெண்ணின் ஒரு வாய் சூப்பில் தன் சொல் பொய்யாகிவிட்டதே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வந்த வேகத்தில் அது கோபமாக மாறியது நல்லதாகப் போயிற்று.

மேலாளர் ஓடி வந்தார். பிரித்துப் போட்ட பட்டைகளைப் பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டார். "என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க? வர்றதை விக்கிறதுதான் உங்க வேலை. இஷ்டமில்லன்னா நாளையிலேர்ந்து குடோன்ல அட்டைப்பெட்டி பிரிங்க."

"குடோன்னா குடோன் சார். அட்டைப்பெட்டி பொய் சொல்லாது. ஆனா இந்தத் தட்டுல இருக்கிறதை மேய்ச்சல் கோழின்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

சொல்லவும் இல்லை. அன்றும் மறுநாளும் வலது தட்டைக் காட்டி, "இது எப்படி டாக்டரம்மா?" என்று கேட்டவர்களிடம், "விலை எழுதியிருக்கு, பார்த்துக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கத்தியைத் துடைத்தார். வாடிக்கையாளர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள், தட்டைப் பார்த்தார்கள், பேசாமல் இடது பக்கம் நகர்ந்தார்கள். இரண்டு நாளில் வலது தட்டில் ஒரு கோழிகூட அசையவில்லை. மேலாளருக்கு வியர்த்துவிட்டது. புதிய நிறுவனத்தின் பிரதிநிதியைக் கையோடு வரச் சொன்னார்.

பிரதிநிதி கழுத்தில் டையும் கையில் வழவழப்பான விளம்பர அட்டையுமாக வந்தார். சாயங்காலக் கூட்டம் சேர்ந்திருந்த நேரம். டாக்டரம்மா சொல்லியனுப்பியதால் பஸ் டிரைவரும் சீருடையோடு வந்து நின்றார். பிரதிநிதி அட்டையைக் கண்ணாடி மேல் விரித்தார். பசும்புல் நடுவே நெஞ்சை நிமிர்த்தி ஒரு கோழி நின்றது.

"எங்க கோழிங்க தினமும் ஆறு மணி நேரம் புல்வெளியில சுத்துதும்மா. உங்களுக்கு ஏதோ தப்பாப் புரிஞ்சிருக்கு."

"இருக்கலாம் சார். நான் பத்தாவது. நீங்களே பாடம் எடுங்க" என்றார் டாக்டரம்மா. பழைய ஆளிடம் சொல்லி வரவழைத்திருந்த கோழி ஒன்றையும், பிரதிநிதியின் கோழி ஒன்றையும் எஃகு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தார். நாலு காலும் கூட்டத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன.

"மண்ணைக் கிளறின கோழிக்கு நகம் தேயும். இதைப் பாருங்க, மொண்ணையா இருக்கு. உங்களுதைப் பாருங்க, அழகு நிலையத்துக்குப் போயிட்டு வந்த மாதிரி கூரா நீட்டமா இருக்கு."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அது... ரகத்துக்கு ரகம் மாறும்மா."

"சரி, மாறட்டும். இந்த முட்டியில தழும்பு இருக்கே, இது?"

"லாரில வரும்போது உரசியிருக்கும்."

"உரசினா தோல் சிராய்க்கும் சார், இப்படி வேகாது. இது எச்சத்து மேல உக்காந்தே கிடந்தா வர்றது. இந்த இடது தட்டுல பாருங்க, கால் வெட்டின இடத்துல எல்லாத்துக்கும் இருக்கு. நாங்க அதைச் சாதாரணக் கோழின்னு நேர்மையா விக்கிறோம், நானும் அதைத்தான் சாப்பிடுறேன். உங்களுது ஆறு மணி நேரம் சுத்தின கோழின்னீங்களே, அது எப்ப சார் உக்காந்துச்சு? நீங்க சரியா அந்த இடத்தைப் பார்த்துப் பட்டை சுத்தினது எப்படி சார்?"

"ஆபீஸ்ல கேட்டுத்தான்..." என்று போனை எடுத்த பிரதிநிதி, அதைக் காதில் வைக்காமல் திரும்பச் சட்டைப்பையில் போட்டார். கண்ணாடி போட்ட அந்த அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, "அப்ப நான் பட்டையோட வாங்கினது?" என்றார். அவருக்குப் பின்னாலிருந்து இன்னும் இரண்டு பேர் அதையே கேட்டார்கள். மேலாளர் எந்தக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அறியாதவர் அல்ல. தொண்டையைச் செருமிக்கொண்டு, "டாக்டரம்மா சொல்றது சரிதான்" என்றார், ஏதோ அவரே கண்டுபிடித்த மாதிரி. "வாங்கினவங்க பில்லைக் கொண்டு வந்தா வேற கோழி. இந்தச் சரக்கெல்லாம் இப்பவே இடது தட்டுக்கு, இடது தட்டு விலைக்கு. நாளைக்குப் பழைய ஆளையே வரச் சொல்றேன்." கடையில் கைதட்டல் கேட்டது. பில் போடும் பெண் நாற்காலி மேல் ஏறி நின்று தட்டிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா பழைய ஆளின் கோழியை அங்கேயே துண்டு போட்டுக் கட்டி, பஸ் டிரைவர் கையில் கொடுத்தார். "ஒன்றரை மணி நேரம்ணே. மூடி வெச்சு, சின்ன நெருப்பு. இதை நான் சொல்றேன்." டிரைவர் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "அவகிட்ட உங்க பேரைச் சொல்லியே கொடுக்கிறேன் அக்கா" என்றார். டாக்டரம்மாவுக்கு முகமெல்லாம் பல்.

பிறகு தராசுப் பக்கம் திரும்பிப் பொத்தானை அழுத்தினார். 'சாதாரணக் கோழி' என்று அச்சடித்த சீட்டுகள் ஒவ்வொன்றாக நாக்கை நீட்டின. பதினேழு கோழிக்குப் பதினேழு சீட்டு ஒட்டினார். பிரதிநிதி தன் அட்டையை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்த நேரத்தில், "ஒரு நிமிஷம் சார்" என்று மறுபடி பொத்தானை அழுத்தி, பதினெட்டாவது சீட்டை உரித்தார். பசும்புல் மேல் நெஞ்சை நிமிர்த்தி நின்ற கோழியின் வயிற்றில் அதை வைத்து, ஓரம் தூக்காமல் நன்றாக நீவி ஒட்டி, அட்டையை மடித்து, மரியாதையாக அவர் கையில் கொடுத்தார்.