கிளட்ச் மிதிக்கிற கால்

அவளை எல்லோரும் பிக்கப் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதியோர் பகல் இல்லத்துக்கு வருகிறவர்களைக் காலையில் வீடு வீடாகப் போய்க் காரில் ஏற்றி வருவதும், மாலையில் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அவள் வேலை. அதற்கு முன் அங்கேயே உள்வேலை பார்த்தாள். குளிப்பாட்டுவது, துடைப்பது, தூக்கி உட்கார வைப்பது. தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது. இனி ஆளைத் தூக்கினால் உன்னைத் தூக்க ஆள் வைக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் இல்லத்து மேலாளர் கூப்பிட்டு, சொந்த வண்டி இருந்தால் பிக்கப்பைப் பார்த்துக்கொள், கொஞ்ச நாள் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குகிறேன் என்றாள்.

வண்டி இருந்தது. ஓட்டுகிறவர்தான் படுக்கையில் இருந்தார்.

கணவர் ஆயுள் முழுக்க டிரைவர். முதலாளி வேண்டாமென்று கழித்த காரைத் தனக்கென்று வாங்கி, அதைத் துடைத்தே பாதி வயதைக் கழித்தவர். வாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. கை கொஞ்சம் அசைந்தது. கால் அசையவே இல்லை. கிளட்ச் மிதிக்கிற கால். குழறிக் குழறிப் பேச்சு திரும்பியபோது முதலில் திரும்பியது ஏச்சுதான். ஐம்பதைத் தாண்டிய வயதில் அவள் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் வாங்கி வந்து காட்டினாள். அவர் அதை நல்ல கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போட்டோ நல்லாத்தான் இருக்கு," என்றார். அத்தோடு சரி.

ஆனாலும் அவள் நன்றாக ஓட்டினாள். உடம்பு முடியாதவர்களை எப்படி நகர்த்துவது என்று பழகிய கை, காருக்கும் பழகிவிட்டது. படுக்கையிலிருந்து ஆளை எழுப்புகிற மாதிரி, முதலில் சொல்லிவிட்டு, பிறகு மெதுவாக. கிளட்சை அவள் விடுகிற விதத்தில் வண்டி கிளம்பியதே உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது.

வெயில் காலம் தொடங்கியபோது பெடல் கத்த ஆரம்பித்தது. மிதித்தால் கீச்சென்று ஒரு சத்தம், விட்டால் முனகலாக ஒன்று.

"பிக்கப்பு, வண்டிக்குள்ள கோழி வளக்கிறியா?" என்றார் முன் சீட்டில் வரும் டெய்லர் தாத்தா. கண் பாதிதான் தெரியும், காது கூர்மை.

"முட்டை போட்டா உங்களுக்குத்தான் தாத்தா."

"எனக்கு வேணாம். பின்னாடி டீச்சரம்மாவுக்குக் குடு. அவங்கதான் காத்தடிச்சாப் பறக்கிற மாதிரி இருக்காங்க."

"உங்க வாயைத் தச்சுக்கக் கூடாதா, டெய்லரு?" என்றார் டீச்சரம்மா.

வீட்டு வாசலிலும் அந்தச் சத்தம் கேட்டது. முன்னறையில், ஜன்னலை ஒட்டித்தான் கணவரின் கட்டில். அவள் உள்ளே வந்ததும் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"கேட்டியாடி? கிளட்ச் பிளேட்டைத் தின்னுட்ட."

"நான் என்னங்க பண்ணினேன்?"

"பாதியில காலை ஊற வெச்சுக்கிட்டே ஓட்டுற. பிளேட்டு தேய்ஞ்சு கத்துது. கிளட்சைப் படக்குனு விடணும். விட்டுட்டுக் காலை எடுத்துடணும்."

"மெக்கானிக்கிட்ட காட்டட்டுமா?"

"காட்டு. கியர் பாக்ஸையே கழட்டிக் கையில குடுப்பான். நீ ஓட்டுறதைச் சரி பண்ணு, போதும். இல்லன்னா சுத்தமாப் போறதுக்குள்ள என் தம்பிகிட்ட தள்ளிவிட்டுடு. அவன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

அவளுக்கு அவரிடம் எத்தனையோ மனக்குறை உண்டு. கார் விஷயத்தில் மட்டும் சந்தேகம் கிடையாது. அதனால் மறுநாளிலிருந்து படக்கென்று விட்டாள். வண்டி குதித்தது. இன்னும் பழகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் வேகமாக விட்டாள்.

ஒரு காலை, டீச்சரம்மா வீட்டு வாசலில் அதுதான் நடந்தது. பெல்ட் நெஞ்சை அழுத்துகிறது என்று அவர் எப்போதும் தளர்த்திக்கொண்டு உட்காருவார். கிளட்சை விட்டாள். வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. துள்ளலில் பின்னால் சாய்ந்த டீச்சரம்மா அப்படியே முன்னால் வந்து சீட்டின் விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டார். அந்த வயதில் தோல் நனைந்த காகிதம்; இடித்தால் புடைக்காது, கிழியும். அவள் இறங்கி ஓடி, சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தாள். ரத்தம் நின்றுவிட்டது. வாசலில் நின்று பார்த்த மகளின் வாய் நிற்கவில்லை.

"எங்கம்மா என்ன காய்கறி மூட்டையா?"

மேலாளர் அன்றே பிக்கப்பை நிறுத்திவைத்தாள். "வண்டியைக் காட்டிட்டு வா. அப்புறம் பேசலாம்."

கணவரைக் கேட்காமல் நேரே மெக்கானிக் ஷெட்டுக்குப் போனாள். மெக்கானிக் காரைத் தெருமுனை வரை ஓட்டித் திரும்பி வந்து, கதவைத் திறந்து, மல்லாந்து தலையைப் பெடலுக்கு அடியில் கொடுத்தார். விரலால் எதையோ தடவி, வெளியே வந்து ஒரு குச்சியில் கிரீஸை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போய்த் தடவிவிட்டு எழுந்தார்.

"மிதிங்கம்மா."

மிதித்தாள். சத்தமே இல்லை.

"பிளேட்டு போயிடுச்சுன்னு சொன்னாங்களே?"

"பிளேட்டா? அது ஜம்முனு இருக்கு. பெடல் ஆடுற இடம் காஞ்சு கெடந்துது, அவ்வளவுதான். இந்த வண்டிக்கு இது வழக்கம்தானே. வருஷா வருஷம் வெயில் வந்தா ஐயாவே வந்து கிரீஸ் கேட்டு வாங்கி, இதோ இங்கேயே படுத்துக்கிட்டுப் போட்டுக்குவாரு. என்னைத் தொடவே விடமாட்டாரு. உங்ககிட்ட சொல்லலியா?"

அவள் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அது அவரைப் புரட்டிப் போடுகிற நேரம். வலது பக்கமாக ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு முதுகைப் பார்த்தாள். எங்கும் சிவக்கவில்லை. புண் வராமல் இத்தனை நாள் காப்பாற்றி வைத்திருக்கிற முதுகு. அதைப் பார்த்தபடியே கேட்டாள்.

"சத்தம் பெடல்லதான்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"தெரியும்."

"அப்புறம் ஏன் படக்குனு விடச் சொன்னீங்க?"

"வண்டி நின்னு நின்னு போனா உனக்கே வெறுத்துப்போயிடும், விட்டுடுவேன்னு நெனச்சேன்."

"ஒரு வயசான அம்மாவுக்கு நெத்தி கிழிஞ்சிருக்கு."

"அடிபடும்னு நான் கண்டேனா?" குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. "என் சீட்டை முன்னாடி இழுத்துப் போட்டு உக்காந்துக்கிட்டு, என் கண்ணாடியைத் திருப்பிக்கிட்டு, நீ பாட்டுக்குப் போற. நான் இங்க கெடந்து தெனமும் அதைக் கேக்கணும்."

"உங்க தம்பி ஓட்டினா மட்டும்?"

"அவன் ஓட்டினா வண்டி ஓடுதுன்னு இருக்கும். நீ ஓட்டினா நான் ஓட்டலைன்னு இருக்கும்."

அவள் கையை எடுத்திருந்தால் அவர் குப்புற விழுந்திருப்பார். எடுக்கவில்லை. தலையணையை முதுகுக்கு அண்டை கொடுத்து, விரிப்பில் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டு, கை கழுவப் போனாள்.

மறுநாள் மேலாளரிடம் வண்டி சரியாகிவிட்டது என்றாள். மேலாளர் நாற்காலியைக் காட்டினாள். அப்போதே தெரிந்துவிட்டது.

"டீச்சரம்மா பொண்ணு கேஸ் போடுவேன்னு நிக்குது. நான் வேனுக்குப் பேசிட்டேன். உன்மேல கோவம்லாம் இல்ல."

வீட்டுக்காரர் சொல்லித்தான் அப்படி ஓட்டினேன் என்று வாய் வரை வந்தது. சொன்னால் மட்டும் என்ன? புருஷன் சொன்னான் என்று ஆளைக் குலுக்கினாயா என்று கேட்பாள். குலுங்கிய ஒவ்வொரு முறையும் இது தப்பு என்று அவள் கால் சொன்னது. அவள்தான் அவர் பேச்சைக் கேட்டாள்.

"உள்ள ஆள் வேணும். வர்றியா?"

"இடுப்பு, மேடம்..."

"மெதுவாப் பாத்துக்கோ."

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தான். டீ குடித்தான். அண்ணன் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டீ பிரமாதம் என்றான்.

"சாவியைக் குடுங்க அண்ணி. அண்ணன் போன்ல சொல்லிட்டாரு. உங்களுக்கும் இனி வண்டி ஓட்டுற வேலை இல்லையாமே."

"குடுத்துடுடி," என்றார் கணவர்.

அவள் உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தாள். கூடவே ஒரு பெரிய பையையும். ரப்பர் விரிப்பு, டயப்பர், மாத்திரை டப்பா, சிறுநீர்க் குடுவை எல்லாம் அடுக்கியிருந்தது.

"என்ன அண்ணி இது?"

"உங்க அண்ணன் சாமான். வண்டி எங்க போகுதோ, அங்க அவரும் வரட்டும். நீங்க ஓட்டுறதைக் கேட்டா அவருக்கு நிம்மதியா இருக்குமாம். ரெண்டு மணி நேரத்துக்கொரு தரம் புரட்டிப் போடணும். ராத்திரியும்தான். சொல்லித் தர்றேன், கஷ்டமில்ல."

கொழுந்தன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் பையைப் பார்த்தான், குடுவையைப் பார்த்தான். அண்ணன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"எங்க வீடு மாடியில இல்லையா... படி வேற குறுகல். என் வீட்டுக்காரிக்கும் உடம்பு சரியில்ல. நான் அப்புறமா வர்றேன் அண்ணி." செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே படியிறங்கிவிட்டான்.

அவள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, பையைப் பிரித்துச் சாமான்களை அதனதன் இடத்தில் வைத்தாள். கஞ்சியைக் கெட்டியாகக் கரைத்து எடுத்து வந்து, அவர் தலையை உயர்த்தி, தாடையைக் கொஞ்சம் கீழே தாழ்த்திவிட்டாள். அவர் கண்கள் ஈரமாக இருந்தன. துண்டால் துடைத்தாள், எச்சிலைத் துடைக்கிற அதே துண்டால்.

"அவன் போயிட்டானா?"

"போயிட்டாரு. வாயைத் திறங்க."

திறந்தார். முதல் வாய் உள்ளே இறங்கும் வரை தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்ததைக் கொடுத்தாள்.