சும்மா உட்கார்ந்து வந்தவள்

பிரேக் மாஸ்டருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுப்பது தொழில். ஊரில் ஓடும் வண்டிகளில் பாதியை அவரிடம் கற்றவர்கள்தான் ஓட்டுகிறார்கள். இரண்டு பேர் ஊரையே ஓட்டுகிறார்கள். அதற்கு அவர் பொறுப்பல்ல. கற்றுக்கொள்பவர் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடவுளைக் கூப்பிடுவார். மாஸ்டர் பக்கத்து சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கடவுள் வந்து சேர்வதற்குள் அதை மிதித்துவிடுவார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

இப்பேர்ப்பட்டவர் வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்த இன்னொரு ஆள் கிடையாது. கல்யாணமான புதிதில் மனைவி ஆசையாகக் கேட்டாள். "உனக்கெதுக்கு? நான் இருக்கேன்ல" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. மகள் பழகுநர் உரிமம் வரைக்கும் வந்தாள். அப்பா போட்ட கூச்சலில் நடுரோட்டில் இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனவள், பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. பெண்டாட்டியின் அண்ணன் ஒருவர் உண்டு. அவருக்கு ஓட்டத் தெரிந்ததெல்லாம் வாய் மட்டும்.

போன மாதம் கண் டாக்டர், மாஸ்டரின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார். பார்வையின் ஓரங்கள் செத்துக்கொண்டே வருகின்றன, போனது திரும்பாது, சொட்டு மருந்தை விட்டு இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார்.

"வண்டி ஓட்டறத இன்னையோட விட்டுடுங்க."

"நேரா நல்லாத்தான தெரியுது டாக்டர்?"

"நேரா மட்டும்தான் தெரியுது. அதான் வியாதியே."

மாஸ்டர் வீட்டில் மூச்சு விடவில்லை. உரிமம் புதுப்பிக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கண் சரியாக இருக்கிறது என்று ஒரு டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். பழைய மாணவர் ஒருவர் டாக்டராக இருக்கிறார், பல் டாக்டர் என்றாலும் டாக்டர்தானே. மாஸ்டர் நீட்டினால் கண்ணை மூடிக்கொண்டு போடுவார். கண் சான்றிதழைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதில் மாஸ்டருக்கே கொஞ்சம் கூச்சம். அதனால் தனக்குத் தானே ஒரு பந்தயம் கட்டினார். குடும்பத்தோடு ஒரு நீண்ட பயணம். ஏரி, மலை, அருவி எல்லாம் பார்த்து, வண்டியில் ஒரு கீறல் விழாமல் வீடு திரும்பிவிட்டால் கண் டாக்டர் சொன்னது பொய். கீறல் விழுந்தால்? அந்தப் பக்கம் அவர் யோசிக்கவில்லை. ஓரத்தில் இருப்பதெல்லாம்தான் அவருக்குத் தெரிவதில்லையே.

பயணம் என்றதும் வீடு ஆடிப்போனது. மனைவி அவருடைய டம்ளரை மேசை நடுவுக்கு நகர்த்தி வைத்தாள். "சரி, போலாம். ஆனா முன் சீட்டு எனக்கு" என்றாள்.

"ஐயோ, என் முழங்கால் பின்னாடி மடங்காதே தங்கச்சி!" என்றார் அண்ணன்.

"மடங்கலைன்னா வீட்ல நீட்டிக்கிட்டு இரு."

கிளம்பியது மாஸ்டரின் ஓட்டுநர் பள்ளி வண்டியில்தான். கூரைமேல் இருந்த சிவப்பு 'எல்' போர்டை மாஸ்டர் கழற்றி டிக்கியில் போர்வைக்கடியில் புதைத்தார். உல்லாசப் பயணத்தில் எதற்கு அந்த அவமானம்!

முதல் நாள் நன்றாகவே போனது. மைத்துனர் பின்னாலிருந்து வழியெங்கும் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தார். "மாப்ள, அந்தப் பக்கம் மீன் வறுவல்! இந்தப் பக்கம் தேன் ரொட்டி!" முன்பானால் மாஸ்டருக்கு எரிச்சல் வந்திருக்கும். இப்போதோ இரண்டு ஓரத்துக்கும் இலவசமாக ஒரு கண் கிடைத்த மாதிரி இருந்தது. ஒரே குறை, அந்தக் கண்ணுக்கு லாரி தெரியாது. லாரியில் போகும் வெங்காயம்தான் தெரியும்.

ஏரிக்கரைக் கடையில் மீன் தின்றார்கள். அந்த ஏரி மீனுக்கு ஈடு உலகத்தில் கிடையாது என்று கடைக்காரர் சொன்னார். மைத்துனர் மூன்று தட்டில் சரிபார்த்து ஒப்புக்கொண்டார். "அப்பா, அங்க பாருங்க, நாரை!" என்று மகள் கை நீட்டினாள். மாஸ்டர் திரும்பி, "அடேயப்பா, என்ன உயரம்!" என்றார்.

"அது மின்கம்பம்பா."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் வேண்டுமென்றே சொன்னவர் போலச் சிரித்து வைத்தார். மனைவி சிரிக்கவில்லை. குனிந்து கெண்டைக்காலைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு?"

"கால் வலிக்குது."

"வண்டியில சும்மா உட்கார்ந்து வர்றதுக்கே காலு வலியா? நல்லா இருக்கு கதை!"

மறுநாள் மலைப்பாதையில் அவருக்கு வியர்த்தது. உலகம் ஒரு குழாயின் மறுமுனையில் இருந்தது. குழாய்க்குள் சாலை இருக்கும். திடீரென்று ஒரு பஸ்ஸின் மூக்கு எங்கிருந்தோ முளைக்கும். மாடு பாதியாக வந்து பிறகு முழுசாகும். ஆனால் அதிசயம் பாருங்கள், ஒவ்வொரு முறையும் வண்டி நின்றது. அவர் பார்ப்பதற்கு ஒரு நொடி முன்பே நின்றது. 'கண்ணு போனா என்ன? காலுக்கே பார்வை வந்துடுச்சு. இத்தனை வருஷ தொழில், சும்மாவா?' என்று முணுமுணுத்துக்கொண்டார். பல் டாக்டருக்கு இனிப்பு வாங்கிப் போக வேண்டும் என்றும் தோன்றியது.

மலை முனையில் எல்லோரும் பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றபோது மனைவி நொண்டினாள். அவர் கேலி செய்தார்.

அருவிக்குப் போகும் வழியில் விரிந்த பொட்டல் ஒன்றில் வண்டிகள் நிறுத்தும் இடம். அதன் மறுகோடியில், மரத்தடியில் சுட்ட சோளம் விற்கும் தள்ளுவண்டி. மூவரும் இறங்கினார்கள். மனைவி மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வண்டி இங்கயே நிக்கட்டும். நடந்தே வாங்க."

"நீ நொண்டற, எனக்கு நடக்கச் சொல்லித் தர்றியா? நிழல்ல கொண்டு வந்து போடறேன், போ."

அவள் போனாள், திரும்பித் திரும்பிப் பார்த்தபடி.

மாஸ்டர் முதல் கியரில் மெல்ல நகர்ந்தார். குழாய்க்குள் நிழல் தெரிந்தது, மரம் தெரிந்தது. ஒரு துளி மஞ்சளும் தெரியவில்லை. யாரோ அலறினார்கள். வண்டி எதன்மீதோ மோதி, கரியும் தீப்பொறியும் பறந்து, பேனட் மேல் சோளக்கதிர்கள் தடதடவென்று உருண்டன. அப்புறம்தான் அவர் கால் பிரேக்குக்குப் போய்ச் சேர்ந்தது.

மஞ்சள் என்பது மகளின் சட்டை. சாய்ந்து கிடந்த தள்ளுவண்டிக்கு அந்தப் பக்கம், கையில் பாதி கடித்த கதிரோடு நின்றிருந்தாள். தள்ளுவண்டி அங்கே இல்லாவிட்டால் அவள்தான்.

"என்னங்க, கண்ணு தெரியலையா?" என்று சோளக்காரர் கத்தினார். எல்லோரும் எல்லோரையும் கேட்கும் கேள்விதான். மாஸ்டர் இறங்கி, தரையில் உட்கார்ந்து, "தெரியலைங்க. நிஜமாவே தெரியலை" என்றார். சோளக்காரருக்கு அதற்குமேல் திட்ட வரவில்லை.

மைத்துனர் சோளக்காரரைச் சமாதானப்படுத்தப் போனார். மனைவி நொண்டிக்கொண்டே ஓடி வந்து, மகளைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்துவிட்டு, கணவர் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். செருப்பு நழுவியது. உள்ளங்கால் வீங்கி, நடுவில் கறுப்பு ரப்பரின் கோடு கோடான அச்சு பதிந்திருந்தது. அந்த அச்சு மாஸ்டருக்குத் தெரியும். பக்கத்து சீட்டு பிரேக்கின் முகம் அது.

"நீயா?"

"பின்ன, உங்க காலுக்குக் கண்ணு முளைச்சுதுன்னு நினைச்சீங்களா? செருப்பைக் கழட்டிட்டு நான்தான் மிதிச்சேன்."

"எப்படித் தெரியும்?"

"டம்ளரை ஓரத்துல வச்சா தட்டி விடறீங்க. நடுவுல வச்சா எடுத்துக் குடிக்கறீங்க. ரொம்ப நாளா நடுவுலதான் வைக்கறேன். என்னைக்காவது கவனிச்சீங்களா?"

"சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா வண்டிய விட்டிருப்பீங்களா? என்னைத்தான் இறக்கி விட்டிருப்பீங்க. இன்னைக்கு இறக்கி விட்ட மாதிரி." வீங்கிய காலைத் தடவிக்கொண்டாள். "இவ்ளோ தூரம் மிதிச்சேங்க. அந்தக் கொஞ்ச தூரம் விட்டுட்டேன்."

மாஸ்டர் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். சம்பாதிக்கத் தெரிந்த ஒரே வழி, பேனட் மேல் சாம்பலோடு புகைந்துகொண்டிருந்தது.

சோளக்காரருக்கு மாஸ்டர் பர்ஸைக் கவிழ்த்தார். இப்போது வீட்டுக்கு எப்படிப் போவது? மலை, வளைவு, நெடுஞ்சாலை. ஓட்ட ஆளில்லை. மைத்துனர், "நான் வேணா..." என்று ஆரம்பித்தார்; மூன்று பேரும் ஒரே குரலில் "வேணாம்" என்றார்கள்.

மகள் டிக்கியைத் திறந்து போர்வையைத் தோண்டி, 'எல்' போர்டை எடுத்துக் கூரைமேல் மாட்டினாள். "என்கிட்ட லைசென்ஸ் இருக்கு. பழகற லைசென்ஸ். அம்மா பிரேக்கப் பாத்துக்கட்டும்."

"அப்ப நான்?" என்றார் மாஸ்டர்.

"பின் சீட்டு. சத்தம் வரக் கூடாது."

சட்டம் இதற்கு என்ன சொல்லும் என்று கேட்காதீர்கள். மைத்துனரின் தேன் ரொட்டி மூட்டை போக, சட்டம் உட்கார அந்த வண்டியில் இடமில்லை.

தன் வண்டியின் பின் சீட்டில் மாஸ்டர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மகள் கிளட்ச்சை விட்டாள். வண்டி இருமி அணைந்தது. மறுபடி இருமியது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். மூன்றாவது தடவை நகர்ந்தது. மைத்துனர் ஒரு கதிரை நீட்டினார். "சாப்பிடுங்க மாப்ள, காசு குடுத்தாச்சுல்ல." வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

குழாயின் மறுமுனையில் மகளின் பின்னங்கழுத்து தெரிந்தது, வியர்வையோடு. அதற்கப்பால் எதுவும் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் அவர் கால் தரையை மிதித்தது. அங்கே பெடல் கிடையாது, வெறும் கால்மிதி. எங்கோ ஒரு பஸ் அலறியது. மாஸ்டர் உடம்பெல்லாம் விறைக்க அந்தக் கால்மிதியை அழுத்தினார்.

வண்டி நின்றது. முன் சீட்டில் "அம்மா" என்று முனகல் கேட்டது, வீங்கிய காலிலிருந்து வந்த முனகல்.

பஸ் தாண்டிப் போன பிறகும் அவர் காலை எடுக்கவில்லை.