குங்குமம் வைத்த பாட்டில்

சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி. லேபில் என் கை சுத்தம் என்று நானே சொல்லிக்கொள்வேன்.

எலியின் மூளைத் துண்டை உப்புக் கரைசலில் உயிரோடு வைத்து, ஒரு நரம்புப் பாதையை மின்சாரத்தால் தூண்டுவோம். இணைப்பு பலப்பட்டால் அந்தத் துண்டு எதையோ கற்றுக்கொண்டது என்று அர்த்தம். மூளையில் 'போதும்' என்று அடக்கும் செல்களும் உண்டு. அவை குறுக்கே வராமலிருக்க, கரைசலில் ஒரு மருந்தைக் கலந்து அவற்றின் வாயை அடைத்துவிடுவோம். மருந்து கலந்த பாட்டில் மூடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பேன். கலக்காத பாட்டிலுக்குப் பொட்டு கிடையாது.

2009 விஜயதசமியன்று, நல்ல நாளாயிற்றே என்று கடலூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தேன். இன்னும் ஒரே ஒரு பதிவு நன்றாக வந்தால் தீசிஸ் முடிந்துவிடும். கடலூரில் ஒரு கல்லூரி வேலை எனக்காகக் காத்திருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்து, முன்னால் இருந்த பொட்டு வைத்த பாட்டிலை எடுத்தேன். தூண்டினேன். இணைப்பு அசையவே இல்லை. மூன்று துண்டுகள் மாற்றியும் அதே கதைதான். எரிச்சலோடு பாட்டிலை மூடும்போது விரலில் குங்குமம் ஒட்டியது.

லேப் அட்டெண்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நேத்து ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும் வெச்சேன் மேடம். ஃபிரிட்ஜுல இருக்கறது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சி?" என்றார். நான் துண்டுகளுக்கு ஓட்டியது மருந்தே கலக்காத கரைசல்!

"அதத் தூக்கிப் போட்டுட்டு இன்னொண்ணு பண்ணும்மா, டிசம்பர்ல சப்மிட் பண்ணிடலாம்," என்றார் என் கைடு. எனக்கு மனசு கேட்கவில்லை. நாலு வருஷமாக வாயடைத்த மூளையைத்தானே அளந்திருக்கிறேன்! வேண்டுமென்றே மருந்தில்லாமல் மறுபடி செய்தேன். ஒரு பாதையை மட்டும் தூண்டினால் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பாதைகளைச் சேர்த்துத் தூண்டியபோது பலப்பட்டது. தனியாக வருவதைத் தடுத்து, சேர்ந்து வருவதை மட்டும் விட்டு, எதைக் கற்கலாம் என்று பொறுக்கி எடுப்பதே அந்த அடக்கும் செல்கள்தான். மருந்து கொடுத்து நான் அவற்றை வெளியே அனுப்பியிருந்தேன்.

"சார், எழுதுன நாலு அத்தியாயமும் பாதி உண்மதான். இத முழுசாப் பாக்காம சப்மிட் பண்ண மாட்டேன்."

"கடலூரு வேல போயிடும்மா."

"போவட்டும் சார்."

போயே போய்விட்டது. அந்த வாரம் முழுக்க பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். மருந்தில்லாத சோதனைகளை ஐந்தாம் அத்தியாயமாக எழுதி, தீசிஸ் முடிய இன்னும் ஒன்றரை வருஷம் ஆனது. இன்றும் யாராவது என் தீசிஸைக் கேட்டால், ஐந்தாம் அத்தியாயத்தை மட்டும்தான் கேட்கிறார்கள்.