பஸ் நானுஓயா தாண்டும்வரை

அம்மாக்கண்ணுவின் கையில் விளக்குமாற்றைக் கொடுத்து, "ஆள் போயாச்சு, கூட்டு" என்றால் கூட்டமாட்டாள். சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். நுவரெலியா மிஸ்டி ரோஸ் விடுதியின் இரண்டு மாடிக்கும் அவள் ஒருத்திதான் ஆள். படுக்கை விரிப்பு மாற்றுவாள், குளியலறை தேய்ப்பாள், ஜன்னல் சட்டத்தில் படிந்த பூஞ்சணத்தைப் பழைய டூத்பிரஷ்ஷால் சுரண்டுவாள். விளக்குமாறு மட்டும் மூலையில் நிற்கும்.

பயணம் புறப்பட்டவரின் பின்னாலேயே வீட்டைக் கூட்டக்கூடாது. பிணம் போன வீட்டைத்தான் அப்படிக் கையோடு கூட்டிக் கழுவுவார்கள். அவள் பிறந்த அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் தங்கிப் போகிறவர் ஹட்டன் பஸ் ஏறினால், பஸ் நானுஓயா தாண்டும்வரை பொறுப்பாள். கண்டி பஸ் என்றால் லபுக்கலை. வெலிமடை பஸ் என்றால் ஹக்கலை. சொந்த வேனில் வந்தவர்களுக்கும் மனதுக்குள்ளேயே ஒரு பஸ்ஸை ஓட்டிப் பார்த்துக்கொள்வாள். அதுவரை காலியான கட்டிலின் விளிம்பில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"இது லாட்ஜு அக்கா, ஒங்க வீடு இல்ல" என்று மேனேஜர் நிரஞ்சன் பலமுறை சொல்லிவிட்டான்.

"வீடோ லாட்ஜோ, போறது மனுசங்கதானே தம்பி" என்பாள் அவள். நிரஞ்சன் தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போவான்.

அந்த விடுதிக்கு வருகிறவர்கள் திரும்பி வராததற்கு விளக்குமாறெல்லாம் தேவையே இல்லை. ஒரு காலத்தில் மிஸ்டி ரோஸுக்கு மலைநாடு முழுக்கக் கிளைகள் இருந்தன. கல்யாணமான புதுசில் இங்கே வந்து ஒரு இரவு தங்கினோம் என்று பெருமையாகச் சொன்னவர்கள் உண்டு. இப்போது மிச்சமிருப்பது கினிகத்தேனை, ஹட்டன், நுவரெலியா மூன்றுதான். மூன்றிலும் ஒரே ரோஜாப்பூப் போட்ட திரைச்சீலை, ஒரே ஈர வாடை, ஒரே மாதிரி முனகும் கட்டில். ஹட்டனில் படுத்தவன் நுவரெலியாவில் கண் விழித்தாலும் வித்தியாசம் தெரியாது. சுடுதண்ணீர்க் குழாய் செத்துப் பல வருஷமாகிறது. அம்மாக்கண்ணுதான் சமையல்கட்டில் காய்ச்சி வாளியில் தூக்கிக்கொண்டு மாடியேறுவாள். போனில் படம் பார்த்து அறை பிடித்து வருகிறவர்கள் கதவைத் திறந்ததும், "படத்துல வேற மாதிரி இருந்துச்சே" என்பார்கள். படம் எடுத்தபோது வேறு மாதிரிதான் இருந்தது. அவர்களோடு அவள் சண்டைக்குப் போவதில்லை. காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமலே படியிறங்கிப் போவார்கள். அவர்களுக்காகவும் அவள் காத்திருப்பாள்.

இதற்கு ஒரு பழைய வடு இருந்தது. அவள் புருஷன் அழகுமுத்து கொழும்பில் கடை வேலைக்கென்று புறப்பட்ட காலையில், பெரட்டில் பேர் கொடுக்க நேரமாகிவிட்டதென்று அவசர அவசரமாக லயத்துக் காம்பராவைக் கூட்டிப் போட்டுவிட்டுக் கொழுந்து மலைக்கு ஓடினாள். அவன் வரவில்லை. "அவன் படி எறங்குன கையோட தூத்துனா, எப்புடிடி வருவான்?" என்று மாமியார் சாகும்வரை அவளைக் குத்தினாள். அழகுமுத்து வத்தளையில் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துவது தோட்டத்துக்கே தெரியும். அம்மாக்கண்ணுவுக்கும் தெரியும். ஆனாலும் பழி என்னவோ விளக்குமாற்றின் மேல்தான் விழுந்தது. என்னைக் கேட்டால், அதுதான் அவளுக்கும் வசதியாக இருந்தது. வேண்டாமென்று விட்டுப் போனான் என்பதைவிட, கூட்டியதால் வராமல் போனான் என்பது கொஞ்சம் தாங்கக்கூடிய விஷயம்.

பிள்ளை குட்டி இல்லை. லயத்தில் ஒற்றையாகக் கிடக்கப் பிடிக்காமல் விடுதிக்கு வேலைக்கு வந்தவள், சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையிலேயே தங்கிவிட்டாள். நாள் முழுக்க மனிதர்கள் வருவதும் போவதுமாக இருக்கிற இடத்தில், அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

கூப்பிட்டவர் ஒருவர்தான், பைஸர் நானா. நானா என்றால் அண்ணன். கினிகத்தேனையில் கடை வைத்திருக்கிறவர். கொழுந்து பறிக்கிற பெண்கள் மழைக்கு இடுப்பில் கட்டும் படங்குத் துணியை மூட்டையாகக் கட்டிக்கொண்டு, மாதம் ஒரு முறை மலையேறி வந்து டவுன் கடைகளுக்குப் போடுவார். வந்தால் மிஸ்டி ரோஸில்தான் தங்குவார், அதுவும் ஒன்பதாம் நம்பர் அறையில்தான்.

"ஒம்பது காலியா ஈக்குதா, தங்கச்சி?"

"ஒங்களுக்குன்னே வச்சிருக்கேன் நானா. வேற யாரு அந்தக் கட்டில்ல படுப்பா?"

இந்தக் கேலி மாதா மாதம் நடக்கும். அவர் பையிலிருந்து வாழைச் சருகில் சுற்றிய கித்துள் மரத்துக் கருப்பட்டி ஒன்று வெளியே வரும். "பிளேன்டீக்குக் கடிச்சிக்கோங்க" என்று நீட்டுவார். அவள் சுடுதண்ணீர் வாளியோடு மாடியேறும்போது, "கை நோகப் போகுது தங்கச்சி" என்று பாதிப் படிக்கு இறங்கி வந்து வாங்கிக்கொள்வார். காலையில் போகும்போது, அவள் எந்த அறையில் இருந்தாலும் தேடி வந்து கதவைத் தட்டி, "போயிட்டு வாறேன் அம்மாக்கண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர்களுக்குள் பேச்சும் இல்லை, பேச விஷயமும் இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காக அவள் மாதம் முழுவதும் இருந்தாள் என்றால் மிகையில்லை.

ஏப்ரல் சீசனில்தான் அது நடந்தது. நுவரெலியாவே நிரம்பி வழிந்ததில், மிஸ்டி ரோஸுக்கும் கூட்டம் வந்துவிட்டது. அன்று காலை பைஸர் நானா சொல்லிக்கொண்டு இறங்கினார். வாசலில் குருநாகலிலிருந்து வந்த குடும்பம் ஒன்று கைக்குழந்தையோடு மழையில் நனைந்துகொண்டு நின்றது.

நிரஞ்சன் மாடிக்கே ஓடி வந்தான். "அக்கா, இன்னைக்கி ஒரு நாளைக்கி அந்த நானுஓயாவ விடுங்க. கொழந்த நடுங்குது. இவங்களும் போயிட்டாங்கன்னா ஹெட் ஆபீஸ் இந்தக் கிளையையும் மூடிரும். ஒங்களுக்கும் வேல இல்ல, எனக்கும் இல்ல."

அவன் குரலில் அதிகாரம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அம்மாக்கண்ணு ஜன்னல் வழியே பார்த்தாள். பைஸர் நானா தலையில் பையை வைத்துக்கொண்டு இன்னும் ரோட்டைக்கூடக் கடக்கவில்லை. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே அவள் ஒன்பதாம் அறையைக் கூட்டினாள்.

மே மாதம் அவர் வரவில்லை. வெசாக் பண்டிகைக் கூட்டத்துக்குப் பயந்திருப்பார் என்று நினைத்தாள். ஜூனில் தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டது. படங்கு விற்கிற காலமே அதுதான். வெயிலில் வந்தவர் மழையில் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? கருப்பட்டி தேய்ந்து நகத்தளவு ஆனது. அதை வாயில் போட மனமில்லாமல் டப்பாவில் வைத்து மூடினாள்.

"தம்பி, நானா நம்பருக்கு ஒரு கோல் எடுத்துப் பாருங்களேன்."

"எடுத்தேன் அக்கா. ரிங் போகுது, ஆள் தூக்கல." நிரஞ்சன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். அவளுக்கு அது சாதாரணமாகப் படவில்லை.

ஜூலையும் போனது. ரேடியோவில் மண்சரிவு எச்சரிக்கை சொல்லும்போதெல்லாம் அவளுக்குக் கை ஓடாது. குனிந்து கட்டிலுக்கடியில் கூட்டும்போது அந்த முதுகும் தலையில் வைத்த பையும்தான் கண்ணுக்குள் நிற்கும். ஒரு நல்ல மனிதரை நானே வாரிக் கொட்டிவிட்டேன் என்று நினைத்தாள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சொல்வதற்கு ஆளும் இல்லை. கடைசியில் ஒரு நாள் லீவு கேட்டு, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, ஹட்டன் பஸ் ஏறினாள். உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஹட்டனில் கொழும்பு பஸ்ஸுக்கு மாறிக் கினிகத்தேனையில் இறங்கியபோது உச்சிப்பொழுது. அங்கே குளிர் இல்லை, புழுக்கமாக இருந்தது. ஸ்வெட்டருக்குள் வியர்த்தது. "படங்கு பைஸரா? அந்தா, பள்ளிவாசலுக்கு இந்தப் பக்கம்" என்று பழக்கடைக்காரர் கையைக் காட்டினார். 'இருந்தார்' என்று சொல்லவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டே நடந்தாள்.

பைஸர் நானா கடைக்குள் தரையில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் படங்கு வெட்டிக்கொண்டிருந்தார். சாகவில்லை. இளைக்கவும் இல்லை. கொஞ்சம் சதைகூடப் போட்டிருந்தார். அம்மாக்கண்ணு கடைத் தூணைப் பிடித்துக்கொண்டாள். 'முருகா' என்று வாய்க்குள்ளேயே சொன்னாள். அந்த நேரத்தில் அவளைவிடச் சந்தோஷமானவள் இலங்கையிலேயே இருந்திருக்கமாட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் மாறிப்போனது. சந்தோஷத்தில் மாறவில்லை.

"தங்கச்சி... நீங்க எங்க இந்தப் பக்கம்?"

"மழையிலகூடக் காணோமே நானா. ஒடம்புக்கு ஏதுமோன்னு..."

உள்ளேயிருந்து அவர் மனைவி ரஸீனா எட்டிப் பார்த்தாள். "யாரு இது?"

"நுவரெலியால நான் முந்தித் தங்குற லாட்ஜுல வேல செய்றவங்க" என்றார் அவர். 'முந்தி' என்ற சொல் அம்மாக்கண்ணுவுக்குச் சுருக்கென்றது.

"நுவரெலியாவா? இவரு போன கெழமகூடப் போயிட்டு வந்தாரே" என்றாள் ரஸீனா வெள்ளந்தியாக.

பைஸர் நானா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "ஒங்கக்கிட்ட பொய் சொல்ல ஏலாது தங்கச்சி. மாசா மாசம் வாறேன்தான். ஒங்க லாட்ஜுக்குப் பின் ரோட்டுல புதுசா ஒண்ணு தொறந்திருக்கு. பைப்பத் தொறந்தா சுடுதண்ணி வருது. மெத்தையும் முதுகுக்கு நல்லம். அந்த வாளிய நீங்க தூக்கி வாறதப் பாக்கவும் எனக்குச் சங்கடம். ஒங்களுக்கு முகங்குடுக்க வெக்கமாயிருந்திச்சி. அதுதான் முன் ரோட்டால வாறதில்ல. தம்பி கோல் எடுத்ததும் தூக்கல."

அவள் தலையை ஆட்டினாள். அறையைக் கூட்டிய கதையைச் சொல்ல நினைத்து வந்தவள், அதைச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? அவர் போனது விளக்குமாற்றால் இல்லை. ஒரு வாளி சுடுதண்ணீரால். அழகுமுத்துவும் அப்படித்தான், எங்கோ நன்றாகத்தான் இருக்கிறான். இத்தனை வருஷமாகத் தாங்கிப் பிடித்திருந்த ஒன்று அந்தக் கடை வாசலில் அவள் கையை விட்டு நழுவியது. அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"சரி, எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று ரஸீனா கேட்டாள்.

"ஒரு படங்கு வாங்கலாம்னுதான் வந்தேன்" என்றாள் அம்மாக்கண்ணு.

"நுவரெலியால இல்லாத படங்கா!" என்று ரஸீனா சிரித்தாள். பைஸர் நானா சிரிக்கவில்லை. இருந்ததில் தடித்ததாக ஒன்றைத் தேடியெடுத்து, அளவு பார்த்து வெட்டி, காசு வாங்காமல் மடித்துக் கொடுத்தார். ரஸீனா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். கூடவே கருப்பட்டியும் வைத்தாள். அம்மாக்கண்ணு டீயை மட்டும் குடித்துவிட்டு எழுந்தாள்.

திரும்பி வந்தவளிடம் நிரஞ்சன் கேட்டான். "ஆள் இருக்காரா அக்கா?"

"இருக்காரு. நல்லா இருக்காரு. ஏவாரம் வேற பக்கம் மாறிருச்சாம்."

அவரைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு வாய் வரவில்லை.

கொழுந்து பறிக்காத கைக்குப் படங்கு எதற்கு? குளியலறை தேய்க்கும்போது சேலை நனையாமல் இடுப்பில் கட்டிக்கொண்டாள். நல்ல சாமான்தான், சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு காலை. ஒன்பதாம் அறையைக் கூட்டிக்கொண்டிருந்தவள், பின்பக்க ஜன்னல் வழியே பின் ரோட்டில் பைஸர் நானாவைப் பார்த்தாள். புது ஹோட்டல் வாசலிலிருந்து இறங்கி, குடையை விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார். முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. மெத்தை நல்லதாகத்தான் இருக்க வேண்டும். மிஸ்டி ரோஸ் பக்கம் அவர் தலையைத் திருப்பவில்லை. 'போயிட்டு வாறேன்' என்று அவர் சொல்லிக்கொள்ளவும் யாருமில்லை. அங்கே அவர் புறப்பட்ட அறையை இந்நேரம் எவளாவது மெஷின் வைத்துக் கூட்டிக்கொண்டிருப்பாள்.

அம்மாக்கண்ணு விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, முனகும் அந்தக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் நிரஞ்சன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவள் படங்கு கட்டிய இடுப்போடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும், மூலையில் கிடந்த குப்பையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னக்கா இது? இந்த ரூம்ல இருந்தவங்க நேத்தே போயிட்டாங்களே. இன்னும் யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்க?"

"பஸ் நானுஓயா தாண்டட்டும் தம்பி" என்றாள் அவள்.