வெட்டிய நூல்

துணி ஆலையில் அவளைப் 'பிசிறு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். தைத்து முடித்த சட்டைகளில் துருத்திக்கொண்டு நிற்கும் நூலை வெட்டுவது அவள் வேலை. ஒன்பது வருடத்தில் ஒரு சட்டைகூட அவள் மேசைக்குத் திரும்பி வந்ததில்லை. அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், வேறு எதில்தான் அவளால் கர்வப்பட முடிந்தது?

மகளுக்குப் பிறவியிலேயே நாக்கு பெரிது. வாய்க்குள் அடங்காமல் உதட்டைத் தாண்டி நிற்கும். பால் பாதி உள்ளே போகும், பாதி கழுத்தில் வழியும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். பேருந்தில் ஒரு மகராசி, "என்னம்மா, உன் பொண்ணு எனக்குப் பழிப்புக் காட்டுறா?" என்று சிரித்தாள். நாசமாய்ப் போன சிரிப்பு.

ரெண்டு வயதில் டாக்டர் நாக்கின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, மீதியைச் சேர்த்துத் தைத்தார். நாக்கு நுனியிலிருந்து ஒரு நீள நூலைக் கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள். வீக்கத்தில் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்தால், அந்த நூலைப் பிடித்து நாக்கை முன்னால் இழுக்க வேண்டும். டாக்டர் இதைச் சொல்லத்தான் செய்தார். அப்போது அவள் கண் முழுக்கப் பிள்ளைமேல். ஒரு வார்த்தைகூட மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் மத்தியானம் பிளாஸ்திரி எச்சில் ஊறிக் கழன்றது. உதட்டோரம் நூல் தொங்கியது. கைப்பையில் எப்போதும் கிடக்கும் நூல் வெட்டும் கட்டரை எடுத்தாள், ஒட்ட வெட்டினாள். யோசிக்கவே இல்லை, பாவி.

ஒரு மணி நேரத்தில் பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்தது. ஓடிவந்த நர்ஸ் கன்னத்தைத் தடவினாள்.

"நூல் எங்க?"

"நான்தாங்க வெட்டிட்டேன். பிசிறுன்னு நினைச்சுட்டேன்."

நர்ஸ் திட்டவில்லை, திட்ட நேரமில்லை. துணியால் நாக்கைப் பிடித்து இழுத்தாள், வழுக்கியது. மறுபடி இழுத்தாள். டாக்டர் வந்து கழுத்தில் துளை போட்டுக் குழாய் செருகியபின்தான் மூச்சு வந்தது.

"உயிருக்குப் பயமில்ல," என்றார் டாக்டர். "குழாய் இருக்கிற வரைக்கும் சத்தம் வராது. எத்தனை நாள்னு இப்ப சொல்ல முடியாது."

லாரி ஓட்டப் போயிருந்த புருஷன் சாயங்காலம் வந்து சேர்ந்தான். அவள் எதையும் மறைக்காமல் சொன்னாள். அடிப்பான் என்று நினைத்தாள், அடித்திருந்தால் தேவலை. அவன் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

"நேத்துலேருந்து நீ தூங்கல. கொஞ்சம் கண்ண மூடு. பாப்பா அழுதா எழுப்புறேன்."

"அழுதா உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

அவன் நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்கு மறுபக்கம் போட்டு உட்கார்ந்தான். இருவரும் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.