வாடகைக் காரில் ஐந்து பேர்

சின்னையன் களத்தில் சாம்பலால் கார் வரைந்துகொண்டிருக்கிறார். சாமை அடித்து முடித்து, சாணம் மெழுகிக் காய்ந்த களம். மலையடியில் முள்ளுக்குறிச்சியில் நிற்கும் வாடகைக் காரைக் கயிறு பிடித்து அளந்து, நீளத்துக்கு ஒன்றும் அகலத்துக்கு ஒன்றுமாக முடிச்சுப் போட்டு மலைக்குக் கொண்டுவந்திருக்கிறார். அந்த அளவுக்குக் கோடு விழுந்ததும் உள்ளே முன்னால் ஒரு பலகை, பின்னால் ஒரு பலகை, டிரைவருக்கு ஒரு கல். "ஏறுங்க சாமி" என்கிறார். குடும்பம் ஏறி உட்காருகிறது. கதவு இருக்க வேண்டிய இடத்தை விட்டு வேறு பக்கமாக யாராவது கோட்டைத் தாண்டிவிட்டால், இறங்கி மறுபடி ஏற வேண்டும்.

வீடு வீடாகப் பூச்சி மருந்து அடிக்கும் மலேரியா ஆபீஸ் ஆள் நான். மலைமேல் இருக்கும் இந்தப் பெரக்கரை நாட்டுக்கு வருஷத்தில் சில தடவை மூச்சு வாங்க ஏறுவேன். இந்தக் காட்சியை முதலில் பார்த்தபோது ஏதோ பூசை என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றேன். "பூசை இல்லீங்க. குடும்பத்தோட ஊட்டிக்குப் போறமுங்க" என்றார் சின்னையன். இங்கிருந்து மோட்டார் பார்க்க வேண்டுமென்றாலே மலையை விட்டு நடந்து இறங்க வேண்டும். அவர் மனைவி குப்பாயி சந்தைக்கு இறங்கியதைத் தவிர வேறு தேசம் அறியாதவர். மகள்கள் இருவரும் அதைக்கூட அறியாதவர்கள்.

ஒத்திகை என்றால் மனம் போனபடி நடப்பதில்லை. "வண்டி திரும்பறப்ப முன்னால இருக்கறதப் புடிச்சுக்கோணும். கொமட்டுச்சுன்னா சன்னலோரம் இருக்கறவங்க எடம் மாத்திக் குடுக்கோணும்" என்று சொல்லிவிட்டுக் கல்லின் மேல் உட்கார்ந்துகொள்வார். எல்லோரும் முன்னால் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சற்றுப் பொறுத்து இளையவள் சென்னம்மாள், "ஏனுங்கப்பா, எந்த ஊரு வந்துருக்குது?" என்பாள். "திருச்செங்கோடு தாண்டுது கண்ணு. இருந்த எடத்துலயே கும்பிட்டுக்க." பெண்கள் இரண்டு பேரும் கைகூப்புவார்கள். மூத்தவள் மயிலம்மாளின் கணவன் வேலப்பன் மட்டும் மாமனாரைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கும்பிடுவான்.

குளிருக்கும் பழக்கம் உண்டு. விடிவதற்கு முன் குடும்பத்தை ஓடைக்கு அழைத்துப் போய்க் கையை முழங்கை வரை தண்ணீரில் வைக்கச் சொல்வார். உதட்டுக்கு விளக்கெண்ணெய், காதுக்குப் பஞ்சு, உள்ளே வைக்கோல் திணித்துத் தைத்த சாக்கு ஆளுக்கு ஒன்று. "அங்கத்திக் குளுரு பல்லுல மொதல்ல ஏறுமுங்க, அப்புறந்தான் ஒடம்புக்கு" என்று எனக்கே பாடம் எடுத்தார். பட்டாளத்தில் இருந்தவர் என்பது வரப்பின் மேல் நடக்கும்போது தெரியும். மூலைக்கு மூலை நின்று திரும்புவார். எதைச் சொல்லத் தொடங்கினாலும் "கண்டதைச் சொல்றனுங்க" என்று ஆரம்பிப்பார். அப்படி ஆரம்பித்ததால் வந்ததுதான் எல்லாம்.

யுத்த காலத்தில் ரோடு போடும் பட்டாளத்தில் சேர்ந்து இத்தாலி வரைக்கும் போனவர் அவர். சண்டை ஓய்ந்து கப்பலுக்குக் காத்திருந்த குளிர்காலத்தில் ஒரு மலையடியில் இருந்தார்களாம்.

"கண்டதைச் சொல்றனுங்க. ராவெல்லாம் பஞ்சாட்டம் உளுந்துச்சு. காத்தால பாத்தா மல முச்சூடும் வெள்ள. கால வெச்சா முழங்காலு வரைக்கும் உள்ள போவுது. ஓடத் தண்ணி கல்லாட்டம் நிக்குது, அதும்மேல நடந்தனுங்க நானு. அப்ப ஒரு காரு வந்து நின்னுச்சு. வாடகக் காருன்னு பேசிக்கிட்டாங்க. அப்பன், ஆத்தா, புள்ளைங்க, ஒரு குடும்பமே எறங்குச்சு. காலுக்கு நீட்டு நீட்டாப் பலகையக் கட்டிக்கிட்டு மலமேல ஏறி, அங்கிருந்து சறுக்கிக்கிட்டு வந்தாங்க. ஆத்தாகாரியும் வந்தா. உளுந்தா, எந்திரிச்சா, சிரிச்சா. சண்டை முடிஞ்சு சிரிக்கிற சனத்த அன்னிக்குத்தான் பாத்தனுங்க. நம்மூட்டுச் சனமும் ஒருநா இப்படி எறங்கோணும்னு நெனச்சன்."

ஊருக்குத் திரும்பியதும் இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். கொஞ்ச நாள் ஊர் ஆசையாகக் கேட்டது, பிறகு கேலியாகக் கேட்டது, அதற்குப் பிறகு கேட்கவில்லை. அத்தோடு போயிருந்தால் நானும் இதை எழுதப் போவதில்லை.

பக்கத்துக் காட்டுக்காரி அத்தாயி கணவனை இழந்தவள். அவள் காட்டுக்கும் ராசப்பன் காட்டுக்கும் நடுவில் நின்ற எல்லைக்கல் ஒரு பெருமழையில் சரிந்து பள்ளத்தோடு போய்விட்டது. அது சரியாக எங்கே நின்றது என்று காட்டக் கூடிய ஆள் சின்னையன் ஒருவர்தான். அவர் காடு அதற்கு மேல்பக்கம். ஊர்க்கூட்டத்தில் போய் இடத்தைக் காட்டினார். ராசப்பன் எழுந்து சத்தம் போடாமல் கேட்டார்: "தண்ணி கல்லாவும், அதும்மேல பலகையக் கட்டிக்கிட்டுப் பொம்பளையாளு சறுக்குவான்னு சொன்னவன் இவன்தானுங்களே? இவன் காட்டற எடத்துல நான் எப்படிங்க கல்லு நடறது?" கூட்டம் சிரித்துவிட்டது. சாட்சி செல்லாமல் போயிற்று. அத்தாயியின் நிலத்தில் நல்ல மண்ணுள்ள கீழ்ப்பக்கம் முழுவதும் இப்போது ராசப்பன் உழவில் இருக்கிறது. மிச்சத்தில் விளைகிற கேழ்வரகு போதாமல் அவள் கூலிக்கு இறங்கிப் போகிறாள். "என் சொல்லு செல்லாததுக்கு அந்தம்மா சோறு போச்சுங்க" என்று சொல்லும்போது சின்னையன் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அன்றைக்குக் கூட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. ஊர்க்கவுண்டர் காளியண்ணன் குப்பாயியைக் கூப்பிட்டு, "உங்க ஊட்டுக்காரரு சொல்ற வெள்ள மல நெசந்தானா?" என்று கேட்டார். "அவரு சொன்னாருங்க. நான் பாக்கலீங்க" என்றார் அந்த அம்மாள். இதைக் கேள்விப்பட்டபோது, புருஷனுக்காக ஒரு "ஆமாங்க" சொல்லியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும் என்று எனக்குக் கோபமாகவே வந்தது. சின்னையனுக்கு வரவில்லை. "பாக்காததப் பாத்தன்னு சொல்றவ சாட்சி எனக்கெதுக்குங்க?" என்றார். ஆனால் அதற்குப் பிறகுதான் ஊட்டிப் பேச்சு வீட்டில் தொடங்கியது.

ஊட்டிப் பேச்சுக்கு முன் ஒரு வைத்தியம் செய்து பார்த்தார். ராசிபுரத்துச் சோடாக் கடையில் ஐஸ் பாளம் ஒன்று வாங்கி, மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு மலை ஏறினார். ஊர்ச்சனம் கூடி நிற்க, சாக்கைப் பிரித்தார். ஈர மரத்தூள் இருந்தது. "தண்ணிய மூட்ட கட்டிக் கொண்டாந்துட்டான்" என்று அன்றைக்கு ஒரு பேச்சு பிறந்து இன்றுவரை செத்தபாடில்லை. கீழே போய் ஐஸைக் கண்ணால் பார்த்து வந்த ஓரிருவரும், அது மிசின் செய்கிற வேலை, மண்ணில் தானாகக் கிடக்காது என்று அடித்துச் சொல்லிவிட்டார்கள்.

வாடகைக் காரின் சொந்தக்காரர் அர்த்தனாரி. காரை ஓட்டுகிறவரும் அவரே. அவர்தான் வழி காட்டினார். "தையில போனீங்கன்னா ஊட்டியில விடியக்காலம் புல்லெல்லாம் வெள்ளையா நிக்குமுங்க. வாளித் தண்ணி மேலால ஏடு கட்டிக் கெடக்கும், தட்டினாத்தான் ஒடையும். பலகைக்காரங்களெல்லாம் இல்லீங்க." பலகை வேண்டாம், வெள்ளையாக நின்றால் போதும் என்றார் சின்னையன். மிளகும் காப்பிக்கொட்டையும் விற்றதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துத் தையில் ஒரு நாளைப் பேசி முடித்தார். அர்த்தனாரி வைத்த நிபந்தனை ஒன்றுதான். மேட்டுப்பாளையத்துக்கு மேலே ஏற்றம். தன் கார் வயதான கார். தன்னைத் தவிர ஐந்து பேருக்கு மேல் ஏற்ற மாட்டார். அதனாலென்ன, குடும்பமும் ஐந்து பேர்தான். சின்னையன் கயிற்றை எடுத்துக் காரை அளந்தது அன்றைக்குத்தான்.

போன மாதம் நான் மருந்தடிக்கப் போயிருந்த சமயம் காளியண்ணன் களத்துப் பக்கம் வந்தார். சாம்பல் காரைச் சுற்றிப் பார்த்தார். கெட்ட மனிதரல்ல, ஊர் வழக்கம் தவறாதவர்.

"போயிட்டு வா சின்னையா. ஆனா ஒண்ணு. ஒரே அடுப்புச் சோறு திங்கறவங்க அத்தன பேரும் வந்து பாத்தோம்னாலும் கூட்டத்துல ஏறாது. வேற அடுப்பு ஆளு பாக்கோணும்."

"யாருங்க வருவா?"

"ராசப்பனே வரட்டும். அவன் பாத்தன்னு சொன்னா நீ காட்டற எடத்துல கல்லு நடறது என் பொறுப்பு. வரமாட்டன்னு சொன்னாலும் நடறன்."

ராசப்பனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். "இல்லாததப் பாக்கறதுக்கு எனக்கென்னங்க பயம்? வாரேன்" என்று பதில் வந்தது.

பலகையில் உட்கார்ந்திருந்தவர்களில் யாராவது ஒருவர் இறங்க வேண்டும். வேலப்பன் எழுந்திருக்கப் பார்த்தான். மயிலம்மாள் முழுகாமல் இருக்கிறாள், அவளைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்று குப்பாயி அவன் தோளில் கைவைத்து உட்காரவைத்தார். பிறகு, "நான் எறங்கிக்கறனுங்க. மாட்டப் பாத்துக்க ஆரு இருக்கறா?" என்று எழுந்து, கதவு இருக்கும் பக்கமாகவே கோட்டைத் தாண்டி மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். மாட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைக்க ஏற்பாடு செய்து எத்தனையோ நாளாகிறது. மனைவி எழுந்துபோன இடத்தைச் சின்னையன் பார்த்துக்கொண்டு நின்றார். ஊரில் வேறு யார் பார்க்காவிட்டாலும் அந்த ஒரு ஆள் பார்க்க வேண்டும் என்றுதான் அவர் இத்தனையும் செய்தார் என்பது எனக்கே அப்போதுதான் விளங்கிற்று.

நான் விடைபெறும்போது ஒன்று கேட்டேன். "ராசப்பன் அங்கே வந்து பார்த்துவிட்டு, இங்கே வந்து பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டால்?"

"அண்ணன் அப்படிச் சொல்ல மாட்டாருங்க" என்றார். "என்னய நம்பல, அவ்வளவுதான். பொய் பேசற ஆளு இல்ல."

அவர் சொல்லை உதறித் தள்ளிய மனிதருக்கு அவர் கொடுக்கும் நற்சாட்சி இது.

நேற்று விடியுமுன் நானும் முள்ளுக்குறிச்சியில் இருந்தேன். அர்த்தனாரி காரைக் கழுவிப் பொட்டு வைத்து நிறுத்தியிருந்தார். அவர்கள் தீப்பந்த வெளிச்சத்தில் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். குப்பாயி புளிச்சோற்று மூட்டையைச் சுமந்துகொண்டு வழியனுப்ப வந்திருந்தார். சின்னையன் தம்முடைய பட்டாளத்துக் கம்பளிக் கோட்டைப் போட்டிருந்தார். கழுத்து வரை பித்தான் வைத்த கனத்த கோட்டு. அந்தக் கூட்டத்தில் குளிருக்கென்று பிறந்த துணி அது ஒன்றுதான். ராசப்பன் எல்லோரிடமிருந்தும் தள்ளி, ஒற்றை வேட்டியும் துண்டுமாகக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். சென்னம்மாள் நீட்டிய வைக்கோல் சாக்கை வேண்டாம் என்றுவிட்டார். "இல்லாத குளுருக்கு எதுக்குக் கண்ணு சாக்கு?"

பெண்கள் ஏறினார்கள். வேலப்பன் முன்னால் ஏறினான். சின்னையன் பின்கதவைப் பிடித்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"ஏறு குப்பாயி."

"எனக்கு எடம் இல்லீங்களே."

"இருக்குது. ஏறு."

"அப்ப நீங்க?"

"நான் பாத்தவன். பாக்காதவங்க போங்க."

அந்த அம்மாள் நகரவில்லை. இத்தனை நாள் சாம்பலிலும் ஓடைத் தண்ணீரிலும் இந்தப் பயணத்தைச் சிறுகச் சிறுகக் கட்டி எழுப்பிய மனிதர், வழியில் இன்ன ஊருக்குப் பிறகு இன்ன ஊர் என்று தூக்கத்தில் சொல்லக் கூடியவர், காருக்கு வெளியே நின்றுவிடுகிறார். அர்த்தனாரி என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். "நானும் கூட வந்தா, சின்னையன் ஏதோ சித்து பண்ணிக் காட்டிட்டான்னு நாளைக்கு ஒரு பேச்சு வரும். நீங்களா பாருங்க" என்று சின்னையன் மெதுவாகச் சொன்னார். குப்பாயி சோற்று மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். ஏறியபின் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ராசப்பன் மட்டும் மிச்சம். அவர் ஒரு காலைப் படியில் வைத்தபோது சின்னையன், "சித்த நில்லுங்கண்ணா" என்றார். கோட்டைக் கழற்றி அவருக்குப் பின்னால் விரித்துப் பிடித்தார். ராசப்பன் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. ஒரு கையை உள்ளே விட்டார், பிறகு மற்றக் கையையும். சின்னையன் முன்னால் வந்து, கீழிருந்து ஒவ்வொரு பித்தானாக மாட்டிக்கொண்டு வந்தார். கழுத்துப் பித்தான் இறுக்கமாக இருந்தது. ராசப்பன் முகவாயைத் தூக்கிக் கொடுத்தார்.